பதிமூன்று வெற்றி

ஹால்கட் கல்லூரி, இல்லினாய்
18 அக்டோபர் 1983

மாவிஸ்,

என் கூடைப்பந்து அணிக்கு நீ அனுப்பிய பெண் வந்து சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், தாளில் இடம் இருந்தால்.

டார்லா ஃப்ரெர்க்ஸ் ஆறடி உயரம். அவள் கையை விரித்துக்கொண்டு முன்னால் நின்றால் எதிராளிக்குக் கூடையே தெரியாது. இதெல்லாம் நீ எழுதியபடிதான். நீ எழுதாமல் விட்டதைத்தான் நான் இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். அவள் பந்தைப் பிடிக்கிறாள், இரண்டு தட்டு தட்டுகிறாள், நின்றுவிடுகிறாள். நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். அது போதாதென்று நடுக்கோடு வேறு. எவ்வளவு வேகமாக ஓடிவந்தாலும் கோட்டைக் கண்டதும் கால் இரண்டும் தரையில் ஒட்டிக்கொள்கின்றன. "போ டார்லா, போ" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். "எங்க போறது கோச்?" என்று கேட்கிறாள். கூடை இருக்கிற பக்கம்தான், வேறெங்கே?

அயோவா ஆட்டம் எனக்குத் தெரியாததல்ல. நீயும் நானும் ஆல்ட்மன் பள்ளியில் நாலு வருஷம் அதைத்தானே ஆடினோம். அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் இந்தப் பாதியில் நின்று தடுப்பார்கள், மூன்று பேர் அந்தப் பாதியில் நின்று கூடையில் போடுவார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது, இரண்டு தட்டுக்குமேல் தட்டக்கூடாது. ஆனால் கல்லூரியில் ஐந்து பேர், முழு மைதானம். என் மற்றப் பெண்கள் இல்லினாய்க்காரிகள், பத்து வயதிலிருந்து முழு மைதானத்தில் ஓடியவர்கள். டார்லா நிற்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதிதாக வந்திருக்கும் விளையாட்டு இயக்குநர் ஸ்ட்ரங்க் போன வாரம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "பதிமூணு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டுங்க லவோன். குறைஞ்சா வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்றார். போன வருஷம் நாங்கள் ஜெயித்தது எட்டு. வேற ஆள் யார் என்பதும் எனக்குத் தெரியும். ஆண்கள் அணியில் உதவிப் பயிற்சியாளனாக இருக்கும் கிப் ராட்லி, வயது இருபத்தாறு. பதினோரு வருஷத்துக்கு முன் நான் இந்த அணியை ஆரம்பித்தபோது இதைக் கையால் தொட ஆள் கிடையாது. உடற்பயிற்சி வகுப்பை முடித்துவிட்டு ஆறு வருஷம் சும்மா பயிற்சி கொடுத்தேன், நானே வேன் ஓட்டினேன், சீருடையை என் வீட்டில் துவைத்தேன். பெண்கள் அணிக்கும் பணம் ஒதுக்கவேண்டும் என்று சட்டம் வந்து, சம்பளம் வந்தது. அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் இது ஒரு வேலையாகத் தெரிகிறது.

அவளை எப்படிக் கோடு தாண்டவைப்பது என்று எழுது.

லவோன்

நலமா?

*

ஆல்ட்மன், அயோவா
24 அக்டோபர் 1983

லவோன்,

நலம். கேட்டதற்கு நன்றி, இரண்டு வார்த்தை ஒதுக்கினாயே.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எதிராளியை அடக்கத் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்று ஏப்ரலில் கேட்டாய். இந்த மாவட்டத்திலேயே அதில் முதலாவதாக இருக்கிறவளை அனுப்பினேன். அவள் அப்பாவிடம் நானே போய்ப் பேசினேன். பன்றித் தொழுவத்தில் நின்றுகொண்டு அரை மணி நேரம் பேசினேன், சர்ச்சுக்குப் போடும் என் ஞாயிற்றுக்கிழமைச் செருப்போடு. இப்போது அவளைக் குறை சொல்லி இரண்டு பக்கம்.

உன் இன்னொரு பேச்சும் வந்து சேர்ந்தது. உங்கள் ஊர்ப் பத்திரிகையில் வந்ததே, "அயோவாவில் பெண்களுக்குப் பாதி ஆட்டம்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், மீதியை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது" என்று. யாருடைய மைத்துனனோ அதை வெட்டி அனுப்ப, காப்பிக் கடையில் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள். தானியக் கிடங்கு ஹார்வி ஒவ்வொரு காலையும் ராகம் போட்டுப் படிக்கிறான். "இது உன் சிநேகிதி சொன்னதுதான மாவிஸ்? அப்ப நீ இருபது வருஷமா பாதி வேலைதான் பார்த்திருக்க, பாதிச் சம்பளத்தைத் திருப்பிக் குடு" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டுக் காப்பியைக் குடிக்காமல் வந்தேன்.

நீ பதினெட்டு வயதில் ஊரை விட்டுப் போனவள். நான் இங்கேயே இருந்து நம் பள்ளிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை எங்கள் பெண்கள் ஆடினால் கடைத்தெரு முழுக்கப் பூட்டிக் கிடக்கும். மாநிலப் போட்டிக்குப் பதினையாயிரம் பேர் வருகிறார்கள், பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க. உன் முழு மைதானத்தைப் பார்க்க எத்தனை பேர் வருகிறார்கள்? போன தடவை நாற்பது என்று நீயே எழுதினாய். அதில் பாதிப் பேர் பெற்றவர்கள், வராமல் எங்கே போவார்கள்?

கோடு தாண்டவைப்பது உன் வேலை. மீதிப் பாதியைச் சொல்லிக்கொடுக்கிறவள் நீதானே.

மாவிஸ்

*

ஹால்கட்
4 டிசம்பர் 1983

மாவிஸ்,

ஐந்து வாரம் கோபமாக இருந்தேன். இன்றைக்குக் கோபத்தை ஒதுக்கி வைக்கவேண்டிய கட்டாயம்.

பத்திரிகைக்காரன் கேட்டான், வாய் இருந்தது, சொல்லிவிட்டேன். சொன்னது தப்பு என்று நான் நினைக்கவில்லை. அதை நீ காப்பிக் கடையில் நின்று கேட்க நேர்ந்தது தப்பு. இதற்குமேல் எனக்கு மன்னிப்புக் கேட்க வராது, உனக்குத் தெரியும்.

நேற்று எங்கள் ஜிம்மில் ஆட்டம். முடிய எட்டு விநாடி, நாங்கள் ஒரு புள்ளி பின்னால். டார்லா எதிராளி கையிலிருந்து பந்தைப் பிடுங்கினாள். எவ்வளவு சுத்தமாகப் பிடுங்கினாள் என்று நீ பார்த்திருக்கவேண்டும். அவளுக்கு முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. கூடை வரைக்கும் வெறும் தரை. அவள் கோடு வரைக்கும் வந்தாள். கால்விரல் நுனியில் நின்றாள். ஓடையில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்க்கிற மாதிரி எட்டிப் பார்த்தாள். பிறகு பின்னால் திரும்பிப் பந்தை யாருக்காவது கொடுக்கலாம் என்று தேடினாள். மணி அடித்துவிட்டது.

ஜிம் முழுக்கச் சிரித்தது. இதுதான் சமயம் என்று நேற்றைக்குப் பார்த்து அறுபது பேர் வந்திருந்தார்கள். ஸ்ட்ரங்க் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம். பக்கத்தில் ராட்லி ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினான்.

உடை மாற்றும் அறையில் டார்லா மூலையில் உட்கார்ந்திருந்தாள். திட்டத்தான் போனேன். "நான் வீட்டுக்குப் போயிடட்டுமா கோச்?" என்று கேட்டாள். திட்ட வாய் வரவில்லை.

இரண்டு வெற்றி, நாலு தோல்வி. நான் பள்ளியில் ஃபார்வர்டு, கூடையில் போடுகிறவள். என் கண்ணுக்கு எப்போதும் கூடைதான் முன்னால் இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று தடுக்கிற கார்டுக்கு மனசில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

லவோன்

*

ஆல்ட்மன்
9 டிசம்பர் 1983

லவோன்,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மன்னிப்பு எந்த வரியில் இருக்கிறது என்று தேடுவதற்கு.

சரி, டார்லாவுக்காக எழுதுகிறேன், உனக்காக இல்லை.

முதலில் உன் கத்தலை நிறுத்து. அவள் கோட்டுக்குப் பயந்து நிற்கிறாள் என்று நீ நினைக்கிறாய். பயம் இல்லை. கோடு தாண்டினால் இருபது தடவை பார்வையாளர் படிக்கட்டில் ஏறி இறங்கவேண்டும் என்பது என் சட்டம்தான், ஆனால் அவள் அதைச் சிரித்துக்கொண்டே ஏறுவாள். அவள் நிற்பதற்குக் காரணம் வேறு. அந்தப் பாதி இன்னொருத்தியுடைய வேலை என்று நினைக்கிறாள். அங்கே போய்ப் பந்தைப் போட்டால் அந்தப் பெண்ணின் சோற்றில் கைவைத்த மாதிரி அவளுக்கு. கார்டாக வளர்ந்தவள் அப்படித்தான் நினைப்பாள். பந்தைப் பிடுங்கிக் கோடு வரைக்கும் கொண்டுவந்து கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது. பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்போம்.

நாலு வருஷம் நான் அப்படி நின்றேன் லவோன். உன் முதுகைப் பார்த்துக்கொண்டு. எண் பதினான்கு, சட்டை எப்போதும் வெளியே. மாநிலப் போட்டியில் நீ நாற்பத்தோரு புள்ளி எடுத்தாய், பத்திரிகையில் படம் வந்தது. அந்தப் பந்து ஒவ்வொன்றும் என் கையிலிருந்தோ இன்னொரு கார்டு கிளாடிஸ் கையிலிருந்தோ வந்தது. நான் வாழ்க்கையில் ஒரு புள்ளி எடுத்ததில்லை. நான் அந்தப் பக்கம் வரமுடியாது, விதி. நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம், அதற்கு விதி குறுக்கே நிற்கவில்லை. இதை இருபத்துநாலு வருஷமாகச் சொல்லவேண்டும் என்று இருந்தேன். சொல்லிவிட்டேன்.

டார்லாவைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெண்கள் கூப்பிடட்டும். யார் சிரித்தார்களோ அவர்களே கூப்பிடட்டும். நீ பெஞ்சில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிரு. அதுதான் கஷ்டம்.

மாவிஸ்

*

ஹால்கட்
22 ஜனவரி 1984

மாவிஸ்,

நீ சொன்னதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் ஆறு வாரம் போய்விட்டது. நான் திரும்பிப் பார்த்ததில்லை. உண்மைதான். எனக்கு அது தோன்றவேயில்லை என்பது அதைவிட மோசம். அவ்வளவுதான், மேலே கேட்காதே.

உன் வைத்தியம் பலித்தது. பந்தைக் கொண்டுபோகிற என் ரோண்டாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். முதல் நாள் வெட்கப்பட்டாள். மறுநாள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "வா டார்லா, இங்க யாரும் கடிக்க மாட்டாங்க. எனக்குத் தனியா ஆடி ஆடி முட்டி போச்சு" என்று கத்தினாள். மற்ற மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். டார்லா தாண்டினாள். தாண்டிவிட்டு எதிரே நின்றவளிடம், "மன்னிச்சுக்கோ" என்றாள். நான் துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எட்டு வெற்றி. அதில் ஐந்து டார்லாவின் தடுப்பால் வந்தது. ஆனால் பழைய தலைவலி போய்ப் புதிய தலைவலி. தாண்டுகிறாள், கூடைக்கு அடியில் போய் நிற்கிறாள், பந்தைப் பிடிக்கிறாள், போட மாட்டேன் என்கிறாள். சனிக்கிழமை மூன்று பேர் சுற்றி வளைத்திருந்த ரோண்டாவுக்குத் திருப்பிக் கொடுத்தாள். கூடை அவள் தலைக்கு நேர் மேலே, கையைத் தூக்கினால் போதும். என் முடி நரைத்தது யாரால் என்று இனிமேல் யாரும் கேட்கவேண்டாம்.

ராட்லி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருகிறான், நோட்டுப் புத்தகத்தோடு. ஸ்ட்ரங்க் வராந்தாவில் நிறுத்தி, "கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க லவோன், பெண்கள் அணி பாருங்க" என்கிறார். ஆண்கள் அணிப் பயிற்சியாளர் போன மாதம் நாற்காலியைத் தூக்கி எறிந்தார். அவர் முகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒரு தடவை வந்து அவளைப் பாரேன். ஐந்து மணி நேரப் பயணம்தான்.

லவோன்

*

ஆல்ட்மன்
30 ஜனவரி 1984

லவோன்,

வர முடியாது. எங்கள் பெண்கள் பதினாறு ஆட்டத்தில் பதினாறும் ஜெயித்திருக்கிறார்கள், விட்டுவிட்டு எங்கே வருவது. இங்கே பனி ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டது.

டார்லாவைப் பந்து போடவைப்பது எப்படி என்று கேட்கிறாய். மூன்று நாளாக யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. நான் அதைச் செய்ததில்லை, சொல்லிக்கொடுத்ததும் இல்லை. என் ஃபார்வர்டுகளுக்கு என் உதவியாளர் ஜானிஸ்தான் சொல்லிக்கொடுக்கிறாள். அந்தப் பாதி எனக்குத் தெரியாது. ஹார்வியிடம் இதைச் சொல்லிவிடாதே.

அது உன் பாதி. நீ பார்த்துக்கொள்.

மாவிஸ்

*

ஹால்கட்
27 பிப்ரவரி 1984

மாவிஸ்,

வர முடியாது என்று எழுதினவள் சனிக்கிழமை மேல் வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பச்சைக் கோட்டு, அதே பச்சைக் கோட்டு. ஆட்டம் முடிந்து ஓடிவந்து பார்த்தால் ஆளைக் காணோம். வண்டி நின்ற இடத்தில் பனியில் சக்கரத் தடம்தான் இருந்தது. ஐந்து மணி நேரம் வந்து ஐந்து மணி நேரம் திரும்பிப் போக உனக்கு யார் பைத்தியம் பிடிக்கவைத்தார்கள்?

பார்த்தாய் அல்லவா. பன்னிரண்டு ஜெயித்துவிட்டு, கடைசி ஆட்டத்தில் ஒரு புள்ளி பின்னால். டார்லா பந்தைப் பிடுங்கினாள், ரோண்டா கூப்பிடக்கூட இல்லை. தாண்டினாள். நாலு தட்டு, நான் எண்ணினேன். ஒரு மாதமாக நான் போட்டுக் காட்டிய மாதிரியே போட்டாள். பந்து கூடைப் பலகையில் மோதி விளிம்பில் சுற்றி உள்ளே விழுந்தது. அவள் வாழ்க்கையின் முதல் இரண்டு புள்ளி. விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை, தடுக்க ஓடிவந்துவிட்டாள். மற்றவர்கள் துரத்திப் பிடித்துத் தூக்கினார்கள். நான் அழுதேன். யார் பார்த்தால் என்ன.

பதிமூன்று.

இன்றைக்குக் காலை ஸ்ட்ரங்க் கூப்பிட்டார். கைகுலுக்கினார், காப்பி கொடுத்தார். "பிரமாதம் லவோன். அணி இப்ப நல்லா எழுந்து நிக்குது. இந்த நேரத்துல இதை அடுத்த படிக்குக் கொண்டுபோற ஆள் கையில குடுக்கறதுதான் நியாயம்" என்றார். தோற்றிருந்தால் தோற்றதற்காக எடுத்திருப்பார். ஜெயித்ததால் ஜெயித்ததற்காக எடுக்கிறார். "பதிமூணுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றேன். "நான் சொன்னது குறைஞ்சபட்சம்" என்றார். விதைக்கிறபோது நிலம் என்னுடையதாம், அறுக்கிறபோது ராட்லியுடையதாம்.

சட்டப்படி வேலையை விளம்பரம் செய்யவேண்டுமாம், அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். "கல்லூரி அணிக்குப் பயிற்சி கொடுத்த அனுபவம் விரும்பத்தக்கது" என்று போட்டிருக்கிறது. அலுவலகத்தில் போய் விண்ணப்பப் படிவம் கேட்டேன். எழுத்தர் பெண் என்னைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள், பேனாவையும் சேர்த்துக் கொடுத்தாள். என் வேலைக்கு நானே விண்ணப்பித்திருக்கிறேன். மூன்று பேரிடம் சான்றுக் கடிதம் வேண்டும். இரண்டு கிடைத்துவிட்டது.

என்னைப் பற்றி நல்லதாக எழுத உனக்கு மனம் வராது என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

லவோன்

*

ஆல்ட்மன்
3 மார்ச் 1984

லவோன்,

நின்று பேசியிருப்பேன். அழுத முகத்தை இல்லினாய்க்காரர்களிடம் காட்ட விருப்பமில்லை. தவிர, உன்னைப் பார்த்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணை நாலு வருஷம் நான் கோட்டில் நிறுத்திவைத்திருந்தேன். அவள் அப்படி ஓடுவாள் என்று எனக்குத் தெரியாது.

ஸ்ட்ரங்குக்கு எழுதிய சான்றுக் கடிதத்தின் நகல் கீழே. ஒரு எழுத்தை மாற்றச் சொல்லாதே, தபாலில் போட்டாகிவிட்டது.

"லவோன் ட்யாடனை எனக்கு இருபத்தெட்டு வருஷமாகத் தெரியும். அவளுக்குப் பொறுமை கிடையாது. பத்திரிகைக்காரர்கள் முன்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. நன்றி சொல்லக் கூச்சப்படுவாள், மன்னிப்புக் கேட்க அதைவிட. நான் நாலு வருஷம் பழக்கிய ஒரு பெண்ணுக்கு, நான் சொல்லிக்கொடுக்காததை ஐந்து மாதத்தில் சொல்லிக்கொடுத்தாள். அதற்குத் தனக்குத் தெரியாததை என்னிடம் கேட்டாள். இருபது வருஷப் பயிற்சியாளராகச் சொல்கிறேன், கேட்கிற பயிற்சியாளரை நான் அதிகம் பார்த்ததில்லை. நீங்கள் பதிமூன்று கேட்டீர்கள், அவள் பதிமூன்று கொடுத்தாள். இதற்குமேல் என்ன தகுதி வேண்டும் என்று எழுதித் தெரிவித்தால், எங்கள் பக்கத்துப் பெண்களை இனிமேல் உங்கள் கல்லூரிக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்ய வசதியாக இருக்கும்."

ஜானிஸ் படித்துவிட்டு, "இது சிபாரிசா, மிரட்டலா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தது இப்படித்தான்.

மாவிஸ்

*

ஹால்கட்
2 ஏப்ரல் 1984

மாவிஸ்,

ராட்லிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

தேர்வுக் குழுவில் ஐந்து பேர், நாலு ஆண்களும் நூலகரும். "அஞ்சு வருஷம் கழிச்சு இந்த அணி எங்க இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார்கள். "போன பதினோரு வருஷம் எங்க இருந்துச்சுன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டேன். நூலகர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். உன் கடிதம் மேசையில் இருந்தது, யாரோ ஒரு வரியின் கீழே சிவப்பில் கோடு போட்டிருந்தார்கள். எந்த வரி என்று எட்டிப் பார்க்க முடியவில்லை.

அதை எழுத உட்காரவில்லை. நேற்று நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

சர்ச் முடிந்ததும் பெண்கள் பன்னிரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். கம்பளத்தில் உட்கார்ந்து, செய்துவைத்திருந்த ஓட்ஸ் பிஸ்கட்டுகளையெல்லாம் தின்று தீர்த்தார்கள். பிறகு ரோண்டா எழுந்து நின்றாள். "நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம் கோச். அடுத்த வருஷம் ஒருத்தியும் ஆடமாட்டோம். அவன் யாரை வச்சு ஆடறான்னு பார்ப்போம்" என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

ஆனால் அவர்களில் எட்டுப் பேர் ஆட்டத்தின் உதவித்தொகையில் படிக்கிறார்கள். ஆட்டத்தை விட்டால் படிப்பும் போகும். அந்த எட்டு இடத்தையும் ஒவ்வொன்றாக, வருஷத்துக்கு ஒன்றாக, ஒவ்வொரு இயக்குநரிடமும் சண்டை போட்டு வாங்கியவள் நான். டார்லாவின் அப்பா இந்த வருஷம் பன்றிகளை விற்கிறார், நிலமும் நிற்குமா தெரியாது என்று அவளே சொன்னாள். அவளை யார் படிக்கவைப்பார்கள்?

ஆகவே என் பெண்களிடம் ராட்லிக்காக நானே பேசினேன். "நல்ல பையன். பருவம் முழுக்க உட்கார்ந்து நோட் எடுத்தான், நம்ம ஆட்டம் அவனுக்குத் தெரியும். நீங்க ஆடத்தான் போறீங்க" என்றேன். ஸ்ட்ரங்க் கேட்ட சிரித்த முகத்தோடு சொன்னேன், மாவிஸ். ரோண்டா அழுதாள், கத்தினாள், கடைசியில் சரி என்றாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகச் சரி என்றார்கள்.

எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது டார்லா, "எங்களுக்கு எல்லாம் சொல்லிட்டீங்க. நீங்க எங்க போவீங்க கோச்?" என்று கேட்டாள்.

"பார்த்துக்கலாம்" என்றேன். அவள் நகரவில்லை. பதிலுக்குக் காத்து நின்றாள், உனக்குத் தெரியுமே அவள் நிற்பது. எனக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது. வேறு எதுவும் செய்யத் தெரியாது, வேறு எதையும் செய்ய ஆசையும் இல்லை. ஐந்து கல்லூரிகளுக்கு எழுதினேன். மூன்று பேர் நன்றி என்றார்கள், இரண்டு பேர் அதுவும் இல்லை.

உங்கள் பக்கம் எந்தப் பள்ளியிலாவது பயிற்சியாளர் வேண்டுமா என்று விசாரித்துச் சொல். காப்பிக் கடையில் அந்தத் துண்டுத்தாள் இன்னும் ஒட்டியிருக்கும், ஹார்வி என் முன்னாலேயே படிப்பான், தெரியும். படிக்கட்டும்.

எனக்கு ஓர் அணி வேண்டும், மாவிஸ். ஆறு பேர் ஆட்டமானாலும் சரி.

லவோன்